பாரிஸில் இரண்டு நாள்: எதை விடுவது என்பதுதான் திட்டம்

லண்டனில் வேலை பார்க்கும் ஒருவர் வெள்ளிக்கிழமை மாலை செயின்ட் பாங்கிராஸ் நிலையத்தில் ரயில் ஏறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். கடலுக்கு அடியில் போகும் சுரங்கத்தைக் கடந்து, சுமார் இரண்டேகால் மணி நேரத்தில் பாரிஸின் கார் து நோர் நிலையத்தில் இறங்கிவிடுவார். கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவைத்துக்கொள்ள வேண்டும். ஞாயிறு இரவு அதே நிலையத்தில் திரும்பும் ரயில். இடையில் கிடைப்பது 48 மணி நேரம். தூக்கம், சாப்பாடு, வரிசையில் நிற்பது எல்லாம் போக, ஊரைப் பார்க்க இருபது மணி நேரம் தேறும்.

அந்த இருபது மணி நேரத்துக்குள் ஈஃபில் கோபுரம், லூவ்ர், நோத்ரதாம், வெர்சாய் அரண்மனை, மோன்மார்த்ர் குன்று, ஷான்ஸ் எலிசே கடைவீதி, டிஸ்னிலேண்ட் என்று எல்லாவற்றையும் அடைக்கப் பார்ப்பவர்களே அதிகம். சுற்றுலாப் பேருந்துகளும் இதையேதான் செய்கின்றன. பத்து நிமிடம் நிறுத்திப் படம் எடுக்கவிட்டு அடுத்த இடத்துக்குக் கிளம்பிவிடுகிறார்கள். போய்வந்தவரிடம் பாரிஸ் எப்படி என்று கேட்டால், கூட்டத்தைப் பற்றியும் கால்வலியைப் பற்றியும் சொல்கிறார். ஊரின் மேல் குற்றமில்லை. இரண்டு நாள் பயணத்துக்கு எதைப் பார்ப்பது என்று யோசிக்கும் முன்பே எதை விடுவது என்று முடிவு செய்துவிட வேண்டும். வீட்டில் உட்கார்ந்து அந்த முடிவை எடுத்துவிட்டவர்களுக்கு பாரிஸ் வஞ்சகமில்லாமல் தருகிறது.

ஐரோப்பாவில் ஏற்கெனவே இருப்பவர்களையும் இருக்கப்போகிறவர்களையும் மனதில் வைத்தே இதை எழுதுகிறேன். லண்டன், பிராங்க்ஃபர்ட், சூரிச், ஆம்ஸ்டர்டாம் என்று வேலைக்கும் படிப்புக்கும் போயிருக்கும் பிள்ளைகள், அவர்களோடு சில வாரங்கள் தங்கிவரப் போகும் அப்பா அம்மாக்கள். பிரஸ்ஸல்ஸிலிருந்து ரயிலில் ஒன்றரை மணி நேரம்கூட ஆகாது. ஆம்ஸ்டர்டாமிலிருந்து மூன்றரை மணி நேரத்துக்குள். பிராங்க்ஃபர்ட், சூரிச் இரண்டிலிருந்தும் சுமார் நான்கு மணி நேரம். சென்னையிலிருந்தோ கொழும்பிலிருந்தோ இரண்டு நாளுக்காக மட்டும் விமானம் ஏறுவதை நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

வெட்ட வேண்டியவை

வெர்சாய்க்கு ஒரு நாள் முழுதாக வேண்டும். பாதி நாள் கொடுத்தால் கண்ணாடி மண்டபத்தில் முன்னால் போகிறவரின் முதுகைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். டிஸ்னிலேண்ட் பாரிஸுக்குள்ளேயே இல்லை. கிழக்கே முப்பது கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருக்கிறது. குழந்தைகளுக்காக அதற்கென்றே தனியாக ஒரு பயணம் வைத்துக்கொள்ளலாம். இந்த இரண்டையும் விடுவதில் யாருக்கும் பெரிய வருத்தம் இருக்காது.

மனம் ஒப்பாமல் தவிப்பது ஈஃபில் கோபுரத்தின் உச்சிக்கு ஏறுவதை விடச் சொல்லும்போதுதான். அதையும் விடச் சொல்கிறேன். பிரெஞ்சுப் புரட்சியின் நூற்றாண்டை ஒட்டி 1889இல் நடந்த உலகக் கண்காட்சிக்காக எழுப்பிய கோபுரம் அது. 18,038 இரும்புத் துண்டுகளை 25 லட்சம் ஆணிகளால் பிணைத்து, இரண்டு ஆண்டு, இரண்டு மாதம், ஐந்து நாளில் முடித்தார்கள். இருபது ஆண்டு கழித்துப் பிரித்துவிடலாம் என்பதுதான் முதல் ஏற்பாடு. கம்பியில்லாத் தந்திக்கு அதன் உயரம் பயன்படும் என்று குஸ்தாவ் ஈஃபில் காட்டியதால்தான் பிழைத்தது. இன்று ஆன்டெனாவையும் சேர்த்து 330 மீட்டர். லிஃப்டுக்கான டிக்கெட் 60 நாள் முன்பே விற்பனைக்கு வருகிறது. வார இறுதி டிக்கெட்டுகள் சீக்கிரம் தீர்ந்துவிடும். டிக்கெட் கிடைத்தாலும் பாதுகாப்புச் சோதனைக்கு ஒரு வரிசை, லிஃப்டுக்கு ஒரு வரிசை, மேலே மாறி ஏறுவதற்கு இன்னொன்று, இறங்கும்போது மறுபடியும் ஒன்று. சனிக்கிழமை மதியத்தில் மூன்று மணி நேரம் போய்விடும். அத்தனைக்கும் பிறகு மேலேயிருந்து தெரியும் பாரிஸில் ஈஃபில் கோபுரம் இருக்காது.

கோபுரத்தைக் கீழே இருந்தும் தொலைவில் இருந்தும் பார்ப்பதுதான் அழகு. வெள்ளி இரவு பையை ஹோட்டலில் வைத்துவிட்டு நேராக த்ரொகாதெரோ மேடைக்குப் போங்கள். இருட்டியதும் மணிக்கு ஒருமுறை ஐந்து நிமிடம் 20,000 விளக்குகள் மினுங்கும். பார்த்துவிட்டு அங்கேயே ஆறாம் எண் மெட்ரோவில், நாஸியோன் பக்கம் போகும் ரயிலில் ஏறி இடது பக்கம் உட்காருங்கள். பாஸி நிலையம் தாண்டியதும் ரயில் தரைக்கு மேலே பாலத்தில் ஓடும். நதிக்கு அப்பால் கோபுரம் முழு உயரத்தோடு ஜன்னலில் வந்து நிற்கும். சாதாரண மெட்ரோ டிக்கெட்டுக்கு இதைவிட நல்ல காட்சி அந்த ஊரில் கிடையாது. வெள்ளி, சனி இரவுகளில் மெட்ரோ இரண்டு மணி வரைக்கும் ஓடுவதால் திரும்பி வருவதைப் பற்றிக் கவலை வேண்டாம். ஜூன் கடைசியில் சூரியன் மறைய இரவு பத்து மணி ஆகிவிடும். அந்த மாதம் போகிறவர்கள் தூக்கத்தைக் கொஞ்சம் தியாகம் செய்ய வேண்டும். டிசம்பரில் ஐந்து மணிக்கே விளக்கு போட்டுவிடுவார்கள்.

உயரத்திலிருந்து ஊரைப் பார்த்தே தீர வேண்டும் என்பவர்கள் ஆர்க் து த்ரியோம்ஃப் வெற்றி வளைவில் ஏறலாம். நெப்போலியன் 1806இல் கட்டச் சொன்னது, 1836இல்தான் முடிந்தது. 284 படிகள். மேலே போய்ச் சுற்றிப் பார்த்தால் பன்னிரண்டு சாலைகள் நாலா பக்கமும் பிரிந்து ஓடுவது தெரியும். அங்கிருந்து ஈஃபிலும் தெரியும். கீழே, முதல் உலகப் போரில் இறந்த பெயர் தெரியாத சிப்பாயின் சமாதியில் எரியும் சுடருக்கு 1923 முதல் தினமும் மாலை ஆறரை மணிக்கு மரியாதை செய்கிறார்கள்.

ஒரே ஒரு அருங்காட்சியகம்

லூவ்ரைப் பார்க்காமல் வருவதா என்ற கேள்வி எழும். அங்கே காட்சிக்கு வைத்திருப்பவை மட்டும் சுமார் 35,000. இரண்டு நாள் பயணத்தில் லூவ்ருக்குப் போகிறவர் உண்மையில் மோனலிசாவைப் பார்க்கத்தான் போகிறார். 77 சென்டிமீட்டர் உயரம், 53 சென்டிமீட்டர் அகலம், முன்னால் தடித்த கண்ணாடி, அதற்கும் முன்னால் உயர்த்திப் பிடித்த நூறு செல்போன்கள். அதே அறையில் எதிர்ச்சுவரில், வெரொனேசே வரைந்த கானா ஊர்க் கல்யாணம் கிட்டத்தட்ட பத்து மீட்டர் அகலத்துக்கு விரிந்திருக்கிறது. லூவ்ரின் மிகப் பெரிய ஓவியம் அதுதான். வெனிஸிலிருந்த ஒரு மடத்திலிருந்து 1797இல் நெப்போலியனின் படைகள் கொண்டுவந்தது. அறைக்குள் வருகிறவர்களில் பெரும்பாலானோர் அதற்கு முதுகைக் காட்டித்தான் நிற்கிறார்கள். இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கும்.

லூவ்ருக்குப் போவதென்றால், வெள்ளி மதியமே வந்துசேர முடிந்தவர்கள் அன்று மாலை போங்கள். புதனும் வெள்ளியும் இரவு ஒன்பது வரை திறந்திருக்கும், செவ்வாய் விடுமுறை. 2026 ஜனவரி முதல், ஐரோப்பியப் பொருளாதார மண்டலத்துக்கு வெளியிலிருந்து வருவோருக்குக் கட்டணம் 32 யூரோ. லண்டன்காரர்களும் இந்தக் கணக்கில்தான் வருவார்கள். நேரம் குறித்து முன்பதிவு செய்யாமல் போக வேண்டாம்.

ஒன்றுதான் பார்க்க முடியும் என்றால் என் ஓட்டு ஓர்சே அருங்காட்சியகத்துக்கு. 1900ஆம் ஆண்டு உலகக் கண்காட்சிக்காகக் கட்டிய ரயில் நிலையம் அது. மின்சார ரயில்கள் நீண்டுகொண்டே போனதில், 1939 வாக்கில் அதன் நடைமேடைகள் தூரப் பயண ரயில்களுக்குப் போதாமல் போயின. இடிப்பதாக இருந்த கட்டடத்தைக் காப்பாற்றி 1986இல் அருங்காட்சியகம் ஆக்கினார்கள். நிலையத்தின் பெரிய கடிகாரம் இப்போதும் இருக்கிறது. அதன் கண்ணாடி முகப்பின் உள்பக்கம் நின்றால் முள்களுக்கு இடையே நதியும், அக்கரையில் லூவ்ரும் தெரியும். மனே, மோனே, ரெனுவார், தெகா, செஸான் என்று, ஐரோப்பிய ஓவியம் இருட்டறையை விட்டு வெளிச்சத்துக்கு வந்த காலம் முழுவதும் ஒரே கூரையின் கீழ் இருக்கிறது. வான்கோவின் 1889ஆம் ஆண்டுச் சுயஓவியமும், ரோன் நதி மேல் நட்சத்திர இரவும் இங்கேதான். ஓவியம் பற்றி எதுவும் தெரியாதவர்கூட இரண்டு மணி நேரத்தில் நிறைந்த மனதோடு வெளியே வரலாம். லூவ்ரில் அது நடப்பதில்லை. அங்கே இரண்டு மணி நேரம் வழி தேடுவதற்கே போய்விடும். ஓர்சேக்கு திங்கள் விடுமுறை. மாதத்தின் முதல் ஞாயிறு இலவசம், ஆனால் அதற்கும் முன்பதிவு வேண்டும்.

ஜெர்மனியிலோ நெதர்லாந்திலோ படிக்கும் நம் மாணவர்கள் ஒன்றைத் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் வசிக்கும் 26 வயதுக்குட்பட்டோருக்கு லூவ்ர், ஓர்சே உள்ளிட்ட பிரெஞ்சு தேசிய அருங்காட்சியகங்களில் கட்டணம் கிடையாது. நீண்டகால வசிப்பு அட்டை இருந்தால் இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவருக்கும் இது பொருந்தும். அட்டையைக் கையில் கொண்டுபோங்கள். பாரிஸ் மாநகராட்சியின் அருங்காட்சியகங்களில் நிரந்தரக் காட்சிக்கு வயது வித்தியாசமின்றி எல்லோருக்குமே இலவசம். ஊரின் வரலாற்றைச் சொல்லும் கார்னவாலே, பிளாஸ் தே வோழ் சதுக்கத்தில் விக்தர் ஹ்யூகோ வாழ்ந்த வீடு இரண்டும் அதில் அடக்கம்.

தமிழ் வாசகருக்காக இன்னும் ஒரு வார்த்தை. த்ரொகாதெரோவிலிருந்து பத்து நிமிட நடையில் கிமே என்ற ஆசியக் கலை அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே சோழர் கால நடராஜர் செப்புத்திருமேனி உண்டு. கூட்டம் இருக்காது. எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் எதிரே நிற்கலாம். தன் ஊரில் கருவறை இருட்டிலும் பட்டு அலங்காரத்திலும் பார்த்துப் பழகிய உருவத்தை வெறும் வெளிச்சத்தில், விரல் விரலாகப் பார்க்கக் கிடைக்கிறது. அது இங்கே வந்து சேர்ந்திருப்பதை எண்ணி வருத்தமும் வரும். இரண்டையும் உணர வேண்டும் என்பதாலேயே போகச் சொல்கிறேன்.

நதிக்கரையில் ஒரு சனிக்கிழமை

சனிக்கிழமை காலையை நோத்ரதாமில் தொடங்குங்கள். 1163 வாக்கில் கட்டத் தொடங்கிய தேவாலயம். 2019 ஏப்ரல் 15 மாலை கூரையில் பிடித்த தீயில், ஊர் பார்த்துக்கொண்டிருக்க அதன் ஊசிக்கோபுரம் முறிந்து விழுந்தது. நூற்றுக்கணக்கான ஓக் மரங்களால் ஆன கூரைச்சட்டம் முழுதும் சாம்பல். அந்தச் சட்டத்தைக் காடு என்றே அழைத்துவந்தார்கள். கான்கிரீட்டும் இரும்பும் வைத்துச் சுலபமாகக் கட்டியிருக்கலாம். அப்படிச் செய்யவில்லை. பிரான்ஸ் முழுவதும் ஓக் மரங்களைத் தேர்ந்தெடுத்து, தச்சர்கள் கோடரியால் கையாலேயே செதுக்கி, பழைய முறைப்படி சட்டம் கூட்டினார்கள். சுமார் 8,000 குழல்கள் கொண்ட பெரிய ஆர்கனைப் பிரித்துச் சுத்தம் செய்து மறுபடி பொருத்திச் சுதி சேர்த்தார்கள். 2024 டிசம்பரில் கதவு திறந்தது. தீக்கு முன்னால் பார்த்தவர்களுக்கு உள்ளே இருட்டும் மெழுகுவர்த்திப் புகையும்தான் நினைவிருக்கும். இப்போது கல் பால் வெள்ளையாக இருக்கிறது. ஒரு நாடு தன் பழைய தொழிலாளர்களின் கையை நம்பி ஐந்து ஆண்டுகளில் செய்துமுடித்த வேலையைப் பார்ப்பதற்காகவே பாரிஸ் போகலாம்.

அனுமதி இலவசம். காசு கேட்டு இணையத்தில் யாராவது டிக்கெட் விற்றால் வாங்காதீர்கள். இரண்டு நாள் முன்னாலிருந்து அதிகாரப்பூர்வத் தளத்தில் இலவச முன்பதிவு செய்யலாம். அது இல்லாமல் காலையில் திறந்ததும் போய் நின்றாலும் வரிசை நகர்ந்துவிடும். அருகிலேயே நீதிமன்ற வளாகத்துக்குள் சேன்ட் ஷப்பெல் இருக்கிறது. ஒன்பதாம் லூயி மன்னர் கட்டி 1248இல் அர்ப்பணித்த சிறு தேவாலயம். மாடியில் பதினைந்து உயரமான வண்ணக் கண்ணாடி ஜன்னல்கள், அவற்றில் 1,113 காட்சிகள். சுவரே இல்லாமல் ஒளியால் கட்டிய அறை என்று தோன்றும். வெயில் இருக்கும் நாளில் போக வேண்டும். இதற்கு நேரம் குறித்த டிக்கெட் அவசியம்.

பிறகு நதியின் தென்கரையைப் பிடித்து மேற்கே நடங்கள். பாரிஸில் சேன் நதி மேல் 37 பாலங்கள் இருக்கின்றன. மூத்தது 1607இல் முடிந்த போன் நெஃப், அதாவது புதுப் பாலம். கரைச்சுவரில் வரிசையாகப் பச்சைப் பெட்டிகள். பழைய புத்தகம் விற்பவர்களுடையவை. 2024 ஒலிம்பிக் தொடக்க விழாவுக்காக அவற்றில் பலவற்றை அகற்றப் பார்த்தார்கள். வியாபாரிகள் விடவில்லை, கடைசியில் அரசு இறங்கிவந்தது. எதிர்ப்பக்கம் பார்த்தால் வடகரையில் ஒரு காலத்தில் கார்கள் பறந்த சாலை இப்போது நடப்பவர்களுக்கும் சைக்கிள்களுக்கும் உரியது. 1923 முதல் தடைசெய்திருந்த நீச்சலை 2025 ஜூலையில் மூன்று இடங்களில் மறுபடி அனுமதித்தார்கள். நகரத்துக்குள் ஓடும் நதியைச் சாக்கடையாக விட்டுவிடாமல் மீட்க முடியும் என்பதற்கு இது நடக்கும் சாட்சி.

நோத்ரதாமிலிருந்து ஓர்சே வரை இரண்டு கிலோமீட்டர்தான். வழியில் நின்று நின்று போனால் மதியச் சாப்பாட்டோடு பொழுது சரியாக இருக்கும். ஓர்சேயிலிருந்து வெளியே வந்ததும் எதிரே ஒரு நடைபாலம் துய்லரி தோட்டத்துக்குக் கொண்டுபோகும். அதற்கு செனகல் நாட்டின் முதல் அதிபரும் கவிஞருமான லியோபோல்ட் செதார் செங்கோரின் பெயர். ஆப்பிரிக்கப் பண்பாட்டுக்கும் திராவிடப் பண்பாட்டுக்கும் உறவு உண்டு என்று நம்பி, அந்த ஆராய்ச்சியை ஊக்குவித்தவர் அவர். தோட்டத்தில் பச்சை நிற இரும்பு நாற்காலிகள் இருக்கும். காசு கிடையாது. இழுத்துப் போட்டு ஒரு மணி நேரம் சும்மா உட்காருங்கள். இதையும் திட்டத்தில் எழுதிவைக்கச் சொல்வேன். எழுதாவிட்டால் உட்கார மாட்டீர்கள்.

சாப்பாடு

பாரிஸின் காலைச் சாப்பாடு ஹோட்டலில் வேண்டாம். தெருமுனை பேக்கரிக்குப் போங்கள். அங்கேயே சுட்டெடுத்த பகெத் ரொட்டி ஒரு யூரோவைச் சற்றுத் தாண்டும். 2022இல் அதன் தயாரிப்பு மரபு யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. ஊரின் மிகச் சிறந்த பகெத் எது என்று மாநகராட்சி ஆண்டுதோறும் போட்டி வைக்கிறது. வென்றவர் ஓராண்டுக்கு அதிபர் மாளிகைக்கு ரொட்டி தருவார். 2023இல் அந்தப் பரிசைப் பெற்றவர் தர்ஷன் செல்வராஜா, இலங்கையிலிருந்து போன தமிழர். அவருடைய கடை இருபதாம் வட்டாரத்தில், பிரெனே தெருவில் இருக்கிறது.

மதியம்தான் பெரிய சாப்பாட்டை வைத்துக்கொள்ள வேண்டும். கரும்பலகையில் எழுதியிருக்கும் மதிய மெனுவில் இரண்டு மூன்று வகை சேர்ந்து, இரவு விலையைவிடக் கணிசமாகக் குறைவாக வரும். சமையலறை இரண்டு மணிக்கு மேல் மூடிவிடும், இரவு ஏழரைக்குத்தான் மறுபடி திறக்கும். நாலு மணிக்குப் பசித்தால் பேக்கரிதான் கதி. குழாய்த் தண்ணீர் ஒரு குடுவை கேளுங்கள், இலவசமாகத் தருவது சட்டம். வெறுமனே தண்ணீர் என்றால் பாட்டிலைத் திறந்து பில்லில் போட்டுவிடுவார்கள். காபியை நின்றபடி கவுண்டரில் குடித்தால் ஒரு விலை, வெளியே நாற்காலியில் உட்கார்ந்தால் வேறு விலை. சேவைக் கட்டணம் பில்லிலேயே அடக்கம், டிப்ஸ் கட்டாயமில்லை. எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் முதலில் போன்ஜூர் சொல்லுங்கள். அதைச் சொல்லாமல் நேராக விஷயத்துக்கு வந்தால் பாரிஸ்காரர் முகம் இறுகிவிடும். பாரிஸ்காரர்கள் கர்வம் பிடித்தவர்கள் என்ற பேச்சில் பாதி இதனால் வந்தது.

சைவம் சாப்பிடுபவர்கள் பழைய பாணி உணவகங்களில் கொஞ்சம் திண்டாடுவார்கள். ஞாயிறு மதியத்துக்கு மரே பகுதியில் ரோஸியே தெருவை வைத்துக்கொள்ளுங்கள். பழைய யூதர் தெரு. பொரித்த கொண்டைக்கடலை உருண்டையும் கத்தரிக்காயும் வைத்த ஃபலாஃபெல் வயிற்றை நிரப்பும். சனிக்கிழமை ஓய்வு நாள் என்பதால் அங்கே முக்கியமான கடைகள் மூடியிருக்கும். ஞாயிறு திறந்திருக்கும். ஊரின் பல பகுதிகளில் ஞாயிற்றுக்கிழமை கடைகள் கிடையாது, மரேயில் உண்டு. அன்று காலை பஸ்தீய் சந்தையில் காய், பழம், பாலாடைக்கட்டி வரிசைகளைப் பார்த்துவிட்டு நடந்தே வந்துவிடலாம்.

ரயில் ஏறுவதற்கு முன் கடைசிச் சாப்பாடு லாச்சப்பலில். கார் து நோர் நிலையத்திலிருந்து நடக்கும் தூரம். 1983க்குப் பிறகு உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்த ஈழத்தமிழர்கள், ஒரு பழைய தொழிலாளர் பேட்டையைத் தங்கள் கடைவீதியாக மாற்றினார்கள். புடவைக்கடை, நகைக்கடை, மரக்கறிக்கடை, பெயர்ப்பலகை எல்லாம் தமிழில். தோசை, இடியப்பம், கொத்துரொட்டி, மட்டன் ரோல்ஸ் எல்லாம் கிடைக்கும். 1985இல் தொடங்கிய மாணிக்க விநாயகர் ஆலயமும் அருகில்தான். ஆகஸ்ட் கடைசியை ஒட்டித் தேர்த்திருவிழா நடக்கும்போது, பாரிஸ் தெருவில் குவியல் குவியலாகத் தேங்காய் உடைப்பதைப் பிரெஞ்சுக்காரர்களும் ஓரமாக நின்று பார்ப்பார்கள். ஊர் ஞாபகத்துக்காக மட்டும் அங்கே போகச் சொல்லவில்லை. பாரிஸின் நாற்பது ஆண்டு வரலாற்றில் நம்மவர்கள் எழுதிய பக்கம் அது.

தங்குவதும் போய்வருவதும்

பாரிஸ் இருபது வட்டாரங்களாகப் பிரிந்திருக்கிறது. லூவ்ரில் ஒன்று என்று தொடங்கி நத்தை ஓடுபோல் சுழன்று வெளியே போகும். ஹோட்டலின் அஞ்சல் குறியீட்டில் கடைசி இரண்டு எண்களைப் பாருங்கள். 75005 என்றால் ஐந்தாம் வட்டாரம். மூன்று, நான்கு, ஐந்து, ஆறு என்றால் நதிக்கு நடந்தே போகலாம். வாடகை கட்டுப்படாவிட்டால் பத்தும் பதினொன்றும் நல்லவை. 75இல் தொடங்காத குறியீடு என்றால் நகரத்துக்கு வெளியே என்று பொருள். மலிவாக இருக்கிறதே என்று எடுத்தால் இருபது மணி நேரத்தில் மூன்றை ரயிலில் தொலைப்பீர்கள். அறைகள் சிறியவை, லிஃப்டில் ஒரு பெட்டியும் ஒரு ஆளும்தான். சின்னப் பையோடு போங்கள். தங்கும் வரி தனியாகக் கேட்பார்கள்.

மே, ஜூன், செப்டம்பர், அக்டோபர் நல்ல மாதங்கள். மார்ச் தொடக்கத்திலும் செப்டம்பர் கடைசியிலும் நடக்கும் பெண்கள் ஃபேஷன் வாரங்களில் ஹோட்டல் வாடகை எகிறும். ஆகஸ்டில் ஊர்க்காரர்களே விடுமுறைக்குப் போய்விடுவதால் சிறு கடைகள் பல பூட்டிக் கிடக்கும். மே 1 அன்று பெரும்பாலும் எல்லாமே மூடல்.

விமானத்தில் வருகிறவர்கள் டிக்கெட்டில் போட்டிருக்கும் நிலையத்தின் பெயரைக் கவனியுங்கள். போவே என்றிருந்தால் அது பாரிஸிலிருந்து 80 கிலோமீட்டருக்கு மேல். டிக்கெட்டில் மிச்சம் பிடித்த பணம் பேருந்திலும் நேரத்திலும் போய்விடும். ஷார்ல் து கோல், ஓர்லி இரண்டுக்கும் ரயில் உண்டு. 2025இல் விமான நிலைய டிக்கெட் 13 யூரோ, நகருக்குள் மெட்ரோ 2.50 யூரோ. ஜனவரிதோறும் கொஞ்சம் ஏறும். ஆளுக்கொரு நவிகோ ஈஸி அட்டை வாங்க வேண்டும். ஓர் அட்டையில் இரண்டு பேர் சேர்ந்து போக முடியாது. வாரச் சீட்டு திங்கள் முதல் ஞாயிறு வரைதான் செல்லும், வார இறுதிக்கு வாங்குவது வீண். ஷார்ல் து கோலிலிருந்து வாடகைக் காருக்கு அரசு நிர்ணயித்த கட்டணம் உண்டு. 2025இல் நதியின் வடகரைக்கு 56 யூரோ, தென்கரைக்கு 65. வாசலில் வந்து கூப்பிடும் ஆட்களோடு போகாதீர்கள்.

பிக்பாக்கெட் விஷயத்தில் அலட்சியம் கூடாது. ஒன்றாம் எண் மெட்ரோ, ஈஃபில் சுற்றுவட்டாரம், மோன்மார்த்ரில் சாக்ரே கேர் தேவாலயப் படிக்கட்டு மூன்றும் பிக்பாக்கெட்காரர்களின் தொழிற்களம். கதவு மூடும் நொடியில் போனைப் பிடுங்கி இறங்கிவிடுவார்கள். கையெழுத்து கேட்டுத் தாளை நீட்டும் பெண்கள், தரையில் மோதிரம் கிடந்தது என்பவர், மணிக்கட்டில் நூல் கட்ட வருபவர், குவளைக்கடியில் பந்து என்று சூதாட்டம் காட்டுபவர் யாரிடமும் நிற்காமல் நடந்துவிடுங்கள். கடவுச்சீட்டு உள்பையில் இருக்கட்டும்.

கடைசியாக விசா. ஜெர்மனி, நெதர்லாந்து, சுவிட்சர்லாந்து போன்ற ஷெங்கன் நாடுகளின் வசிப்பு அட்டை இருந்தால் தேவையில்லை. பிரிட்டனில் வேலை விசாவில் இருக்கும் இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டுக்காரர்களுக்குத் தனியாக ஷெங்கன் விசா வேண்டும். பலர் ஹோட்டல் பதிவுசெய்த பிறகுதான் இதைக் கண்டுபிடிக்கிறார்கள். கட்டணம் 2024 ஜூன் முதல் 90 யூரோ, மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு. 2025 அக்டோபரில் எல்லையில் கைரேகையும் முகப்படமும் எடுக்கும் புதிய முறை தொடங்கிவிட்டதால் செயின்ட் பாங்கிராஸில் கூடுதல் நேரம் வைத்துக்கொள்ளுங்கள். விண்ணப்பத்தைப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே கொடுக்கலாம், 15 நாளுக்குள் வந்துவிட்டால் வாங்கமாட்டார்கள். கோடையில் விண்ணப்ப மையத்தில் நேரம் கிடைப்பதே பாடு. ஜூன் மாதத்து வார இறுதி ஒன்றை மனதில் வைத்திருப்பவர்கள் ஜனவரியிலேயே அந்த நேரத்தைப் பதிவு செய்துவிடுங்கள். விசா கைக்கு வரும் வரை, முழுப் பணமும் திரும்பக் கிடைக்கும் ஹோட்டலையும் ரயிலையும் தவிர வேறு எதற்கும் பணம் கட்டாதீர்கள்.